பத்தடி அடுப்படியில் பதினாறு அடி

ஐப்பசி பிறந்த ஐந்தாம் நாள் அழகிரிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. நல்ல செய்தி எதுவும் பதிவுத் தபாலில் வந்ததாகத் திருவெள்ளறையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிய அழகிரி மூக்குக் கண்ணாடியைத் தேடப் போன நேரத்தில், அவர் மனைவி வெள்ளையம்மாள் உறையைக் கிழித்து வாசலிலேயே நின்று படித்துவிட்டார்.

'திரைவழி நில அளவைச் சிறப்பு அலுவலகம், ஸ்ரீரங்கம்' என்று மேலே அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'தங்கள் மனையின் நடுவே, வடக்கு தெற்காக, பதினாறு அடி அகலத்தில் அரசு நிலம் ஒன்று செல்வது திரை அளவையில் கண்டறியப்பட்டுள்ளது. மேற்படி நிலத்தில் தாங்கள் அடுப்படி ஒன்றைக் கட்டி ஆக்கிரமித்துள்ளீர்கள். பதினைந்து நாட்களுக்குள் அதை இடித்து அகற்றவும். தவறினால் இவ்வலுவலகமே இடித்துத் தரும்.' இடித்துத் 'தரும்' என்று எழுதியவருக்குப் பெரிய மனசு இருந்திருக்க வேண்டும்.

வெள்ளையம்மாள் நேராக உள்ளே போய் அடுப்படியின் நடுவில் நின்றுகொண்டார்.

அந்த அடுப்படி கட்டி நாலு மாதம்தான் ஆகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடம் வெள்ளையம்மாள் கொல்லையில்தான் சமைத்தார். மேலே ஒரு கீற்றுச் சாய்ப்பு, கீழே மண் அடுப்பு. ஐப்பசி கார்த்திகையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக நின்று குழம்பு வைப்பார். சாய்ப்பிலிருந்து சொட்டும் தண்ணீரும் சேர்ந்து குழம்பு ரசமாகும். அழகிரி அதை ரசம் என்றே சொல்லிச் சாப்பிட்டுவிடுவார். போன வருடம் வாழை நன்றாக வந்ததும், வெள்ளையம்மாள் வேறெதையும் கேட்கவில்லை. கிழக்கே ஒரு ஜன்னல், ஒரு கடப்பாக்கல் மேடை, நாலு சுவர் கேட்டார். கிடைத்தது. மேடை ஏழடி வேண்டும் என்று அவர் சொல்லியும் கொத்தனார் ஐந்தடியில் முடித்துவிட்டார் என்பது ஒன்றுதான் குறை. அதை வைத்து நாலு மாதமாகக் கொத்தனாரை வைதுகொண்டிருந்தார்.

அழகிரி டேப்பை எடுத்து வந்து அடுப்படியை அளந்தார். பத்தடிக்கு எட்டடி. மறுபடி அளந்தார். அதே பத்தடிக்கு எட்டடி.

"பத்தடி ரூமுக்குள்ள பதினாறு அடி நிலம் எப்படி வெள்ளையம்மா போகும்?" என்றார்.

"யாராச்சும் வந்து அளந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரலையே."

"அப்போ போய்க் கேட்டுட்டு வாங்க. எனக்கு இது வேணும்" என்றார் வெள்ளையம்மாள். அழகிரிக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

டோல்கேட்டில் பஸ் மாறி, கொள்ளிடம் பாலம் தாண்டி, அழகிரி ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது மணி பத்து. அந்த அலுவலகம் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு இருந்தது. வாசலில் கைகூப்பி நிற்கும் பிளாஸ்டிக் பெண் பொம்மையின் கழுத்தில், 'பொதுமக்கள் டோக்கன் இன்றி உள்ளே வரக்கூடாது' என்ற அட்டை தொங்கியது. டோக்கன் சாப்பாட்டுக் கூடத்தில் கொடுத்தார்கள். நாற்பது ஐம்பது பேர் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி நீள மேஜைகளின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் இலை போடவில்லை.

அதிகாரிகள் மேலே, மணமேடையில் இருந்தார்கள். பின்னால் தெர்மோகோல் மயில். நடுவில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில், ஒரு மேஜை மேல் இரண்டு கம்ப்யூட்டர் திரைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இடதுபக்கத் திரை சிறியது. முந்தைய வருட நிதியில் வாங்கியது. வலதுபக்கத் திரை பெரியது. இந்த வருட நிதியில் வாங்கியது. ஆயுத பூஜை முடிந்து ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருந்ததால், இரண்டின் மேலும் காய்ந்த சாமந்தி மாலை தொங்கியது. கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

பத்தரை மணிக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்னவோ ஏதோ என்று அழகிரியும் எழுந்தார். தலைமைத் திரை அளவர் பீமராவ் சட்டைப்பையிலிருந்து தம்முடைய ரேஷன் கார்டை எடுத்து, கண்ணில் ஒற்றி, இடதுபக்கத் திரையின் மேல் வைத்துப் பிடித்தார். மவுஸைப் பிடித்திருந்த ஜென்சி என்ற பெண், திரையில் ஒரு கோட்டை இழுத்து ரேஷன் கார்டின் அகலத்துக்குச் சரிசெய்தாள். இப்படி ஒரு நிமிடம். திரையில் காட்டும் அடியும் வெளியில் இருக்கும் அடியும் ஒன்றாக வேண்டும் அல்லவா, அதற்காகத் தினமும் நடக்கும் சடங்கு இது. வலதுபக்கத் திரைக்கு அதைச் செய்யவில்லை. அதற்குத் தனி உத்தரவு இன்னும் வரவில்லையாம்.

அழகிரியின் டோக்கனை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மணமேடை ஏறினார்.

ஜென்சி அவர் மனையைத் திரையில் கொண்டுவந்தாள். மேலே வானத்திலிருந்து எடுத்த படம். அழகிரி தம் வீட்டை முதல் முறையாகக் காக்கை பார்ப்பது போலப் பார்த்தார். வேப்பமரம் இடதுபக்கத் திரையில் இருந்தது, மாட்டுக் கொட்டகை வலதுபக்கத் திரையில் இருந்தது. அடுப்படி பாதி இதில், பாதி அதில். கொல்லையில் படுத்திருந்த அவருடைய பசுவும் அப்படித்தான்; தலை சின்னத் திரையில் சின்னதாகவும் பின்பக்கம் பெரிய திரையில் பெரிதாகவும் இருந்தது. இரண்டு திரைக்கும் நடுவில், அவற்றின் கறுப்பு ஓரங்களும் கொஞ்சம் சந்துமாக, இரண்டு அங்குலம் இடைவெளி. அந்தச் சந்து வழியாகப் பின்னால் இருந்த தெர்மோகோல் மயிலின் கால் தெரிந்தது.

"இதுதாங்க" என்று பீமராவ் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை அந்த இடைவெளியின் மேல் வைத்தார். "ரெண்டு அங்குலம். அங்குலத்துக்கு எட்டடி. பதினாறு அடி."

அழகிரி ஸ்கேலைப் பார்த்தார், பீமராவைப் பார்த்தார். "ஐயா, அது டிவி பொட்டியோட ஓரம்ங்களே."

"பொட்டி யாரோடது?"

"உங்களோடது."

"என்னோடது இல்லைங்க. அரசாங்கத்தோடது. அப்போ அதோட ஓரம் யாரோடது?"

பீமராவ் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். புரியும் வரை விளக்குவார். அவருடைய விளக்கம் முடிந்து ஆரோக்கியமாக இறங்கிப் போனவர்கள் குறைவு.

"ஓலையில எழுதின காலத்துலேர்ந்து இந்தப் பதினாறு அடியை ஒருத்தரும் கண்டுபிடிக்கலைங்க" என்றார் பீமராவ். "நான்தான் கண்டுபிடிச்சேன். உங்க மனையில மட்டும் போகலை. பொன்மலையில போகுது, கைலாசபுரத்துல போகுது. எந்த ஊரைத் திரையில போட்டாலும் சரியா நடுவுல போகுது. ஒரு வளைவு கிடையாது, ஒரு மேடு பள்ளம் கிடையாது. பழைய காலத்து ராஜபாட்டையா இருக்கும்னு என் அபிப்பிராயம். முப்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். இந்த அலுவலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்ட எட்டு இடம் பாத்தோம். எட்டுலயும் நடுவுல அரசாங்க நிலம் போகுது. கட்ட முடியலை. எங்களுக்கே அந்த நியாயம்னா உங்களுக்கு எப்படிங்க விடறது?"

"ஐயா, என் அடுப்படியே பத்தடிதாங்க. அதுக்குள்ள பதினாறு அடி எப்படிங்க இருக்கும்?"

பீமராவ் முகம் இருண்டது. "அதைத்தான் நானும் யோசிச்சேன். பதினாறு அடி அரசாங்க நிலத்தைப் பத்தடிக்குள்ள அடக்கி வெச்சிருக்கீங்க. சாதாரண ஆக்கிரமிப்பு இல்லை இது" என்று கோப்பில் சிவப்பு மையால் ஏதோ எழுதினார்.

அழகிரி கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தார். "அந்தப் படத்தை ஒரு நாலு விரக்கடை இடதுபக்கம் தள்ளிட்டா, வீடு மொத்தமும் ஒரே டிவியில வந்துடுமேங்க."

ஜென்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிலத்தை நகர்த்தச் சொல்றீங்களா?" என்றார் பீமராவ் மெதுவாக. "அந்த அதிகாரம் எனக்கு இல்லைங்க. எனக்கு மேல இருக்கிறவங்களுக்கும் இல்லை."

"அப்போ பொட்டி ரெண்டையும் ஒட்டி வெச்சிருங்க."

"விதி பதினாலு. அளவு எடுத்த பின்னாடி, இறுதி உத்தரவு வர்ற வரைக்கும் கருவியை இருந்த இடத்தை விட்டு அசைக்கக் கூடாது."

"ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து நேர்ல பாத்துடுங்களேன்."

"அது பழைய முறை. நேர்ல போனா வெயில், மழை, நாய், ஜனங்க. பாக்கிறவங்க மனசு மாறிடும். திரைக்கு மனசு இல்லை, அதான் துல்லியம்" என்று சொல்லி, பீமராவ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இந்தத் துல்லியத்துக்கு இன்னொரு சாட்சியும் ஊரில் உண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ராஜகோபுரம் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாதாகையால், அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் அது 'தரைத்தளம் மட்டும்' என்று இருக்கிறது.

கை கழுவும் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்த அழகிரியிடம் ஜென்சி வந்தாள். பொன்மலைப் பெண்; அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். இவள் இங்கே காண்ட்ராக்டில் இருந்தாள். வருடா வருடம் மார்ச்சில் வேலை போய் ஏப்ரலில் திரும்பி வரும்.

"அண்ணே, படத்தை இழுத்து வைக்கிறது ஒரு செகண்டு வேலை" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனா யார் இழுத்தாங்கன்னு பதிவாயிடும். எங்கப்பா சொல்லுவாரு, அளக்கிற சாமானை முதல்ல அளந்து பாருன்னு. இங்க அதைச் சொன்னா, நீ காண்ட்ராக்ட்தானேன்னு கேப்பாங்க."

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. அந்தப் பதினாறு அடியை யாரு போடறது?"

"நான்தாண்ணே. ரெண்டு திரைக்கும் நடுவுல எவ்வளவு சந்துன்னு சார் ஸ்கேல் வெச்சுச் சொல்வாரு. அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நான் நம்பரைப் போடுவேன். நடுவுல என்ன போடறேனோ அதுதான் நிலம்."

அழகிரி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வெள்ளையம்மாளிடம் சொன்னார். வெள்ளையம்மாள் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சந்து இல்லேன்னா?"

"சந்து இல்லேன்னா நிலம் இல்லை. ஆனா பொட்டியை அசைக்க மாட்டேங்கிறாங்களே."

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது சும்மா இல்லை. ஆறாம் நாள் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. அரசு நிலம் இப்போது இருபத்தோரு அடியாக வளர்ந்திருந்தது. கூடவே, 'மாட்டுக் கொட்டகையின் தென்மேற்கே வட்ட வடிவக் குளம் ஒன்று, செந்நிற நீருடன், தூர்க்கப்பட்ட நிலையில் காணப்படுகிறது' என்றும் இருந்தது. நீர்நிலையில் மாடு கட்டிய குற்றம் தனி.

இந்த முறை வெள்ளையம்மாளும் கூடக் கிளம்பினார். மண்டபத்துக்குப் போனால் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அன்று முகூர்த்த நாள். முகூர்த்த நாளில் அலுவலகம் இயங்காது. மண்டபக்காரர் திரைகளை மணமகள் அறையில் கொண்டுபோய் வைத்துவிடுவார், மறுநாள் காலையில் கொண்டுவந்து மேடையில் வைப்பார். பதினைந்து நாளில் இப்படி நாலு நாள். கல்யாண வீட்டார் வந்தவர்களைச் சும்மா விடாமல் சாப்பிட வைத்து அனுப்பினார்கள். அந்தக் கூடத்தில் அழகிரி இலை பார்த்தது அன்றுதான்.

மறுநாள் போய் மேடை ஏறினார்கள். திரைகளுக்கு நடுவே சந்து முன்னைவிட அகலமாகியிருந்தது. ஸ்கேல் இல்லாமலே தெரிந்தது.

"ஐயா, கல்யாணத்துக்குக் கல்யாணம் தூக்கி வெச்சதுல தள்ளிப் போயிருக்குங்க" என்றார் அழகிரி. "கருவியை அசைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"நாங்க அசைக்கலை. மண்டபக்காரர் அசைச்சாரு. விதி பதினாலு அலுவலகத்தைத்தான் கட்டுப்படுத்தும், மண்டபக்காரரைக் கட்டுப்படுத்தாது" என்றார் பீமராவ். "நிலம் வளர்றது இயற்கைதாங்க. கொள்ளிடத்துல பாத்திருப்பீங்களே, ஒரு வருஷம் மணல் இந்தப் பக்கம் ஒதுங்கும், ஒரு வருஷம் அந்தப் பக்கம் ஒதுங்கும்."

வெள்ளையம்மாள் வலதுபக்கத் திரையின் கிட்டே போய், கீழ் மூலையில் இருந்த சிவப்பு வட்டத்தைக் காட்டினார். "இதுதான் குளமா சார்?"

"ஆமாம்மா."

"இது குங்குமங்க. ஆயுத பூஜைக்கு வெச்சது. நான் வேணா முந்தானையால தொடைச்சு விட்டுடறேன்."

பீமராவ் பதறிப் போய்க் கையை நீட்டித் தடுத்தார். "தொடாதீங்க. பூஜையில வெச்சதை அடுத்த பூஜை வரைக்கும் அழிக்கக் கூடாது, அது சாமி விஷயம். அது ஒரு பக்கம். பதிவேட்டுல நீர்நிலைன்னு ஏறியாச்சு. இனிமே அதைத் தொடைக்கிறது நீர்நிலையை அழிக்கிற குற்றம். ஏற்கெனவே உங்க மேல ஒண்ணு இருக்கு."

"குளத்துல தண்ணி இருக்கான்னு வந்து பாத்தீங்களா?"

"ஐப்பசி மாசம்மா. இருக்கும்."

வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சார், வருஷத்துல ஒரு வீட்டையாச்சும் நேர்ல போய்ப் பாக்கணும்னு உங்களுக்கு எதுவும் கணக்கு கிடையாதா?"

பீமராவ் ஜென்சியைப் பார்த்தார். ஜென்சி கோப்பைப் புரட்டி, "இருக்கு சார். தல ஆய்வு, ஆண்டுக்கு ஒன்று. இந்த வருஷம் இன்னும் ஆகலை" என்றாள்.

பீமராவ் பெருமூச்சு விட்டார். கேட்டுவிட்டார்களே, இனி மறுக்க முடியாது. பதினாலாம் நாள் வருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினாலாம் நாள் விடியலிலிருந்தே தூறல். பதினொரு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. பீமராவ் குடை பிடித்தபடி இறங்கினார், பின்னாலேயே ஜென்சி. அழகிரி வேலியோர எல்லைக் கல்லைக் காட்டுவோம், பிறகு அடுப்படிச் சுவரைக் காட்டுவோம், டேப்பைக் கையில் கொடுப்போம் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். பீமராவ் கல்லைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. வேனின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே, போர்வையில் சுற்றிய இரண்டு திரைகள் இருந்தன.

"தல ஆய்வுன்னா தலத்துல வெச்சுத் திரையில அளக்கிறது" என்றார். "எங்கங்க வைக்கலாம்? ஆக்கிரமிப்பு நடந்த இடத்துலயே வெச்சா நல்லது."

"அடுப்படி மேடையில வைங்க சார்" என்றார் வெள்ளையம்மாள்.

கருவியை அசைத்துக்கொண்டு வந்திருக்கிறார்களே, விதி பதினாலு என்ன ஆயிற்று என்று அழகிரி கேட்டார். பழைய அளவு தல ஆய்வோடு ரத்தாகிவிடுகிறது, இனிப் புது அளவுதான் அளவு என்று பீமராவ் விளக்கினார். வெள்ளையம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்.

ஐந்தடி மேடையின் ஒரு பக்கம் கேஸ் அடுப்பு இருந்தது. மறுபக்கம் கிரைண்டர். அடுப்பின் மேல் இட்லிப் பானை. உள்ளே இட்லி வெந்துகொண்டிருந்தது. நடுவில் மூன்றடிக்குக் கொஞ்சம்தான் கூட இருந்தது. இடதுபக்கத் திரையை வைத்தார்கள். வலதுபக்கத் திரைக்கு ஓர் அங்குலம் போல இடம் போதவில்லை.

"அந்த அடுப்பையும் பானையையும் எடுத்துடுங்கம்மா" என்றார் பீமராவ்.

"வேகுது சார். பாதியில எடுத்தா கல்லாயிடும். உங்களுக்குத்தான் வெச்சேன்."

"கிரைண்டரையாவது."

"அது சாமி மாதிரி சார். ஒரு தடவை வெச்ச இடத்தை விட்டு அசைச்சா மறுபடி ஓடாது. எங்க வீட்டு விதி."

பீமராவ் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். அது யார் வீட்டு விதியாக இருந்தாலும். வேறு வழியில்லாமல் வலதுபக்கத் திரையை இடதுபக்கத் திரைக்குப் பின்னால் கொஞ்சம் செருகி வைத்தார்கள். சின்னத் திரை பெரிய திரையின் ஓரத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மூலையில் இருந்த குங்குமப் பொட்டும் அதற்குப் பின்னால் போய்விட்டது. மிக்சிக்கு வைத்த பிளக்கில் ஒயரைச் செருகி, பீமராவ் ரேஷன் கார்டைக் கண்ணில் ஒற்றி, சடங்கை முடித்து, ஸ்கேலை எடுத்தார்.

இடைவெளி இல்லை. ஸ்கேலை இப்படி வைத்தார், அப்படி வைத்தார். இல்லவே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடவே ஏறியிருந்தது.

"சார், அந்தக் கட்டத்துல என்ன போட?" என்று கேட்டாள் ஜென்சி.

"என்ன இருக்கோ அதைப் போடு."

ஜென்சி ஒரு கழித்தல் குறியைப் போட்டு அளவை எழுதினாள். அழகிரி எட்டிப் பார்த்தார். "ஏத்துக்கிச்சு சார்" என்றாள். "அரசு நிலம், மைனஸ் ஒன்பதடின்னு வருது. குளம் எதுவும் காட்டலை."

இட்லிப் பானை புஸ்ஸென்று ஆவி விட்டது. பீமராவ் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது பக்கக் கட்டுரை அவர் மனக்கண் முன்னால் ஒருமுறை புரண்டிருக்கும். ஆனாலும் மனிதர் நேர்மையானவர். திரை சொன்னதை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"அழகிரி" என்றார் எழுந்து நின்று. "உங்க நிலத்துல அரசாங்கம் ஒன்பதடி ஆக்கிரமிச்சிருக்கு. வருத்தப்படறேன். அடுப்படி முழுக்க உங்களோடது. ஒரு செங்கல்லை யாரும் தொட முடியாது."

அழகிரி வெள்ளையம்மாளைப் பார்த்தார். வெள்ளையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலு தட்டில் இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் வைத்தார். பீமராவ் ஆறு சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பையிலிருந்து அரக்கும் நூலும் எடுத்தார். திரைகளைச் சுற்றி நூலைக் கட்டி, மேடையோடு சேர்த்து முத்திரை வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் அழகிரி.

"விதி பதினாலு. அளவு எடுத்தாச்சு. இனிமே இறுதி உத்தரவு வர்ற வரைக்கும் கருவியை அசைக்கக் கூடாது. அசைச்சா உங்க அடுப்படி உங்களுக்கு இல்லாம போயிடும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். மின்சாதனம் இருக்கிற இடத்துல கேஸ் சிலிண்டர் இருக்கக் கூடாது, அதை மட்டும் வெளியில எடுத்துடுங்க. ஆவியும் ஆகாது, அந்தப் பானையும்."

"இறுதி உத்தரவு எப்ப வரும்?"

"அரசாங்கமே ஆக்கிரமிச்ச கேஸ் இதுக்கு முன்னாடி வந்ததில்லை. புதுசா விதி போடணும். போட்டதும் வரும்."

திரைகள் திருவெள்ளறையில் இருந்தால் அலுவலகம் ஸ்ரீரங்கத்தில் இருந்து என்ன பயன்? மறுவாரமே மண்டபத்து வாசல் அட்டை அழகிரி வீட்டு முருங்கை மரத்தில் தொங்கியது. டோக்கன் மாட்டுக் கொட்டகையில் கொடுத்தார்கள். லால்குடியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வந்து, பசுவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். மேடையில் அளந்தவர்களுக்கெல்லாம் மைனஸ் ஒன்பதடிதான் வந்தது. மாவட்டம் முழுவதும் அரசாங்கம் பொதுமக்களின் நிலத்தை ஆக்கிரமித்திருப்பதைக் கண்டுபிடித்த பீமராவ், பழைய கட்டுரையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். காலை பத்தரைக்கு அடுப்படியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

வெள்ளையம்மாள் கொல்லையில் சமைத்தார். கேஸ் அடுப்பைச் சாய்ப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தார், காற்று அணைத்துவிட்டது. மண் அடுப்பைத் தேடி எடுத்துத் திருப்பிப் போட்டார். நாலு மாதத்தில் அதில் கோழி அடைகாத்திருந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. கிழக்கு ஜன்னல் வழியாக ஜென்சிக்கு டீ கொடுப்பார். உள்ளேயிருந்து அவள் வாங்கிக்கொள்வாள். பட்டாவில் அடுப்படி இருந்தது, அழகிரி பெயரில், ஒரு குறையும் இல்லாமல்.

கார்த்திகை பிறந்த முதல் வாரம், ஜன்னல் வழியாக ஜென்சி ஒரு கடிதத்தை நீட்டினாள். முகத்தை நேராகப் பார்க்காமல் நீட்டினாள்.

"என்ன பாப்பா இது?" என்றார் வெள்ளையம்மாள். கையில் கரண்டி இருந்ததால், "நீயே படி" என்றார்.

ஜென்சி படித்தாள். "தங்கள் அடுப்பிலிருந்து வரும் புகை ஜன்னல் வழியே அரசுத் திரைகளில் படிந்து, அளவையின் துல்லியம் பாதிக்கப்படுகிறது. எனவே மேற்படி அடுப்பை அளவை நிலையத்திலிருந்து பதினாறு அடி தள்ளி அமைத்துக்கொள்ளவும்."

பதினாறு அடி தள்ளினால் சாய்ப்பு முடிந்துவிடும். அதற்கப்பால் வேலி வரை வானம்தான்.

மழை கொஞ்சம் வலுத்தது. அழகிரி போய் டேப்பை எடுத்து வந்தார். அதன் நுனியை ஜன்னலுக்குக் கீழே சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு, இழுக்கச் சொல்லி மறுநுனியை வெள்ளையம்மாளிடம் நீட்டினார்.

வெள்ளையம்மாள் டேப்பை வாங்கவில்லை. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஜன்னலுக்குள் தலையை நீட்டி, தம் மேடையையும் அதன் மேல் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்ற திரைகளையும் பார்த்தார்.

"சின்ன டிவியில பதினாறு அடியா பாப்பா, பெரிய டிவியிலயா?" என்றார். "கேட்டுச் சொல்லு. அது வரைக்கும் அடுப்பு இங்கயே எரியட்டும்."

ஜென்சி எழுந்து பீமராவிடம் கேட்கப் போனாள். அதற்குத் தனி உத்தரவு வர வேண்டும் என்று அவர் சொன்னது கொல்லை வரை கேட்டது. வெள்ளையம்மாள் குனிந்து, ஈர விறகாகப் பார்த்து இன்னும் இரண்டை அடுப்புக்குள் தள்ளினார்.